வாய் மேலே, வாய் கீழே

எங்கள் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் பழைய மர அலமாரி ஒன்று உண்டு. அதன் இரண்டாம் தட்டில் ஃபார்மலின் ஊற்றிய கண்ணாடிக் குடுவைகள் வரிசையாக நிற்கும். ஒன்றில் வெளுத்துப்போன கடல் சொறி. அடுத்ததில் சுருங்கிக் கிடக்கும் கடல் சாமந்தி. அதற்குப் பக்கத்தில் நீலம் போய்ச் சாம்பல் பூத்த ஃபைசேலியா. குடுவை எதுவும் இல்லாமல் தட்டின்மேலேயே கிடப்பவை மூளைப் பவளத்தின் ஒரு துண்டும் ஒரு கடல் விசிறியும். முதலாண்டுப் பிள்ளைகள் வருடா வருடம் அந்தத் தட்டின் முன் நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "மேம், கல்லையும் கொழகொழன்னு இருக்கிறதையும் ஏன் ஒண்ணா வெச்சிருக்கீங்க?"

ராமநாதபுரம் மாவட்டத்தில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பாடத்திட்டத்தில் எத்தனையோ விலங்குத் தொகுதிகள் இருந்தன. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வகுப்புக்காக நான் ஆண்டு முழுவதும் காத்திருப்பேன். கல்லும் கொழகொழப்பும் ஒரே தட்டில் இருப்பதற்குக் காரணம், அவை இரண்டும் ஒரே உடம்பு என்பதுதான்.

நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வாய். அதைச் சுற்றிக் கயிறு. உள்ளே போவதும் வெளியே வருவதும் அந்த ஒரு வழியாகத்தான். குழியுடலிகள் என்று பாடநூல்கள் சொல்லும் நிடேரியா தொகுதியின் உடலமைப்பு ஏறக்குறைய இவ்வளவே. பையின் வெளிப்புறம் ஓர் அடுக்குச் செல்கள், உட்புறம் ஓர் அடுக்குச் செல்கள், இரண்டுக்கும் நடுவே மீசோகிளியா என்னும் கூழ். வாயைச் சுற்றி உணர்கொம்புகள். இரை உள்ளே போவதும் அதே வாய், கழிவு வெளியேறுவதும் அதே வாய். மூளை கிடையாது, இதயம் கிடையாது, இரத்தம் கிடையாது. உடம்பெங்கும் பின்னிக் கிடக்கும் நரம்பிழைகள் மட்டும் உண்டு. இந்த எளிய உடம்பை வைத்துக்கொண்டு 10,000-க்கும் மேற்பட்ட இனங்கள் 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகப் பிழைத்து வருகின்றன.

இந்த உடம்புக்கு இரண்டு நிலைகள். அடிப்பக்கத்தைப் பாறையில் ஒட்டிக்கொண்டு வாயை மேல் நோக்கி வைத்திருந்தால் அது பாலிப். அதையே தலைகீழாகக் கவிழ்த்து, அகலமாக விரித்து, நடுவில் இருக்கும் கூழைத் தடிமனாக்கி நீரில் மிதக்கவிட்டால் அது மெடுசா. கடல் சாமந்தி, ஹைட்ரா, பவளத்தைக் கட்டும் உயிர் எல்லாம் பாலிப். சொறி என்று நம் மீனவர்கள் அழைப்பது மெடுசா. வகுப்பில் கரும்பலகையில் பாலிப்பை வரைந்துவிட்டு, ஒரு மாணவியை அழைத்து அதையே தலைகீழாக வரையச் சொல்வேன். அவள் வரைந்து முடிக்கும்போது வகுப்பில் எழும் சலசலப்பு எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி தரும்.

மெடுசாவின் கூழைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சொறியின் உடலில் 95 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான் என்றாலும் அந்தக் கூழுக்கு மீள்திறன் உண்டு. குடையின் ஓரத்தில் இருக்கும் தசை சுருங்கும்போது உள்ளிருக்கும் நீர் வெளியே தள்ளப்பட்டு உடம்பு நகர்கிறது. சுருங்கிய குடையைத் திரும்ப விரிப்பதற்குத் தனியாகத் தசை கிடையாது. அழுந்திய கூழ் தானாக மீள்கிறது, குடை விரிகிறது. ஒரு பக்க வேலைக்கு மட்டுமே ஆற்றலைச் செலவழித்து நீந்தும் உடம்பு அது.

சில இனங்கள் பாலிப்பாகவே வாழ்ந்து முடிகின்றன. பவளங்களும் கடல் சாமந்திகளும் அப்படி. மெடுசா என்ற நிலையே அவற்றுக்குக் கிடையாது. ஆனால் நிலாச் சொறி என்று சொல்லத்தக்க ஔரேலியா போன்றவை ஒரு வாழ்நாளில் இரண்டு உடம்புகளையும் எடுக்கின்றன. வட்டமான, கண்ணாடி போலத் தெளிந்த குடை, நடுவில் லாட வடிவில் நான்கு இனப்பெருக்கச் சுரப்பிகள். இதுதான் நாம் அறிந்த ஔரேலியா. ஆணும் பெண்ணும் தனித்தனி. கருவுற்ற முட்டையிலிருந்து பிளானுலா என்ற குட்டி லார்வா வெளியேறும். கொஞ்ச காலம் நீந்தித் திரிந்துவிட்டு ஏதாவது கெட்டியான பரப்பைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் வளர்வது சொறி அல்ல. சில மில்லிமீட்டர் உயரமே உள்ள, வாயை மேல் நோக்கி வைத்த ஒரு பாலிப். அது மொட்டு விட்டுத் தன்னைப்போலவே பல பாலிப்புகளை உண்டாக்கும். மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். பிறகு தட்பவெப்பம் மாறும் ஒரு பருவத்தில் அந்தப் பாலிப்பின் உடலில் குறுக்கே மடிப்பு விழத் தொடங்கும். ஒன்றன்கீழ் ஒன்றாக வளையங்கள். ஒவ்வொரு வளையத்தின் ஓரத்திலும் எட்டு மடல்கள் முளைக்கும். உச்சியில் இருப்பது முதலில் துடிக்கும், துடித்துத் துடித்துப் பிய்த்துக்கொண்டு நீந்திப் போய்விடும். அதற்குக் கீழே இருப்பது அடுத்து. எஃபைரா என்ற பெயருடைய இந்தக் குஞ்சுகள்தான் வளர்ந்து முழுச் சொறியாகின்றன.

நார்வே நாட்டுப் பாதிரியாரும் கடலாய்வாளருமான மைக்கேல் சார்ஸ் 1829-ல் இந்தப் பாலிப்பைக் கண்டு ஒரு புதிய விலங்கு என்று எழுதினார். வளையம் விழுந்த நிலையைக் கண்டு அதையும் இன்னொரு புதிய விலங்கு என்று எழுதினார். அறிவியல் அப்போது அப்படித்தான் நினைத்தது. பிறகு ஆண்டுக்கணக்காக அவரே விடாமல் கவனித்து, இரண்டும் ஔரேலியாவின் பருவங்களே என்று நிறுவினார். ஒரே உயிர், மூன்று பெயர்களோடு புத்தகங்களில் இருந்தது. இன்றைக்கும் பல சொறி இனங்களின் பாலிப்பை இயற்கையான இடத்தில் யாரும் கண்டதில்லை. மெடுசா கண்ணுக்குத் தெரிகிறது, வலையில் விழுகிறது, கரையில் ஒதுங்குகிறது. பாலிப்போ கடலடியில் ஏதோ ஒரு சிப்பியின் அடிப்புறத்தில் கண்ணுக்கு எட்டாமல் இருக்கிறது.

கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் குளிர்நீர்க் குழாய்ப் பாதையில் பருவத்துக்குப் பருவம் சொறிகள் கூட்டமாக வந்து அடைப்பதை அங்குள்ள ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். திடீரென்று எங்கிருந்து வந்தன என்று மக்கள் வியக்கிறார்கள். பாலிப்பை நினைவில் வைத்திருப்பவருக்கு இது திடீர் அல்ல. எங்கோ கண்ணில் படாமல் காத்திருந்த பாலிப்புகள் ஒரே பருவத்தில் குஞ்சு விடுகின்றன. கடலுக்குள் நாம் கட்டும் ஒவ்வொரு காங்கிரீட் தூணும், தோணித்துறையும் பாலிப்புகளுக்கு ஒட்டிக்கொள்ள இன்னும் ஓரிடம்.

நிடேரியா என்றால் கொட்டும். எளிய உடம்பு என்றேன், ஆனால் அதன் ஆயுதம் எளியதல்ல. உணர்கொம்புகளில் இருக்கும் கொட்டும் செல் ஒவ்வொன்றுக்குள்ளும் நெமட்டோசிஸ்ட் என்ற நுண்ணிய பை. அதற்குள் முள்ளோடு கூடிய நீண்ட நூல் சுருண்டு கிடக்கும். பைக்குள் அழுத்தம் சுமார் 150 வளிமண்டலம். இரை தொட்ட கணமே நூல் வெளியே பாயும். எவ்வளவு விரைவாக? ஹைட்ராவின் கொட்டும் செல்லை ஜெர்மானிய ஆய்வாளர்கள் நொடிக்கு 14 லட்சம் படங்கள் எடுக்கும் கேமராவால் பிடித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். முள் பாய்வதற்கு ஆன நேரம் 700 நானோ நொடி. அந்த முடுக்கம் புவியீர்ப்பின் 50 லட்சம் மடங்குக்கும் மேல். உயிருலகில் நாம் அறிந்த மிக வேகமான அசைவுகளில் இது ஒன்று. ஊர்க் குளத்துப் பாசியில் ஒட்டிக் கிடக்கும் ஹைட்ராவிடம் இருக்கிறது இந்த வேகம்.

கரையில் செத்துக் கிடக்கும் சொறியும் கொட்டும் என்பதற்குக் காரணமும் இதுதான். விலங்கு செத்தாலும் பை செத்துவிடாது. பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது, குடிதண்ணீர் ஊற்றக் கூடாது. இரண்டுமே வெடிக்காத பைகளை வெடிக்க வைக்கும். கடல்நீரால் அலசி, ஒட்டிய இழையை வெறுங்கையால் தொடாமல் எடுத்துவிட்டு, வலி கடுமையாக இருந்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சென்னைக் கடற்கரைகளில் காற்றடிக்கும் காலத்தில் ஒதுங்கும் நீல நிறக் காற்றுப்பையைப் பலர் சொறி என்றே நினைக்கிறார்கள். அதுதான் அலமாரியில் இருந்த ஃபைசேலியா. அது ஒரு விலங்கு அல்ல, பல உடம்புகள் ஒட்டிப் பிறந்த ஒரு கூட்டம். நீர்மேல் மிதக்கும் காற்றுப்பை ஓர் உறுப்பினர். பத்து மீட்டருக்கு மேலும் தொங்கி இரையைக் கொட்டிப் பிடிப்பவர்கள் சிலர். பிடித்ததைச் செரிப்பவர்கள் சிலர். இனப்பெருக்கம் மட்டுமே செய்பவர்கள் சிலர். செரிப்பவருக்குப் பிடிக்கத் தெரியாது, பிடிப்பவருக்கு உண்ண வாய் கிடையாது. ஒரே முட்டையிலிருந்து மொட்டுவிட்டு வளர்ந்த இவர்கள் எல்லோரும் அதே இரண்டடுக்குப் பையின் மாற்று வடிவங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு பெசன்ட் நகர்க் கரையில் நீல டிராகன் என்ற கடல் நத்தைகள் ஒதுங்கின. அவை ஃபைசேலியாவைத் தின்று வாழ்பவை. தின்ற இரையின் கொட்டும் பைகளை வெடிக்காமல் தம் உடம்பில் சேமித்துத் தமக்கே ஆயுதமாக்கிக்கொள்பவை.

நீந்தும் வகைகளில் பெட்டிச் சொறிகளைப் பற்றி ஒரு வார்த்தை. குடை நான்கு பக்கமாக இருக்கும். அதில் நான்கு இடங்களில் ஆறு ஆறாக 24 கண்கள். சிலவற்றில் வில்லையும் உண்டு. மூளையே இல்லாத இந்த உயிர் முட்டிக்கொண்ட அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டு தடையை விலகிப் போகிறது என்று கரீபியக் கடலின் டிரைபெடேலியா இனத்தை வைத்து 2023-ல் காட்டினார்கள். மத்தியதரைக் கடலில் கண்டறிந்த டூரிடாப்சிஸ் டோர்னியோ இன்னும் வியப்பு. காயம்பட்டாலோ பட்டினி கிடந்தாலோ முதிர்ந்த மெடுசா சுருங்கி, கடலடியில் ஒட்டி, மறுபடியும் பாலிப்பாகிவிடும். கிழவி குழந்தையாவதை ஒத்த காரியம். பாலிப்பும் மெடுசாவும் ஒரே உடம்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எல்லாச் சொறியும் கொட்டி விரட்டுபவை அல்ல. நம் கிழக்குக் கரையில் கிராம்பியோனெல்லா என்ற வகை வலை நிறைய விழும். குடையின் ஓரத்தில் உணர்கொம்பே இருக்காது. கீழே தடித்த எட்டுக் கைகள், அவற்றில் ஒரு பெரிய வாய்க்குப் பதில் எண்ணற்ற சிறு துளைகள். இதை உப்பும் படிகாரமும் போட்டுப் பதப்படுத்திச் சீனாவுக்கும் தென்கிழக்காசிய நாடுகளுக்கும் ஏற்றுமதி செய்கிறார்கள்.

இனி பவளம். என் மனம் எப்போதும் இங்கேதான் வந்து நிற்கும்.

மண்டபத்துக்காரர்கள் பாக் விரிகுடாப் பக்கத்தை வடகடல் என்பார்கள், மன்னார் வளைகுடாப் பக்கத்தைத் தென்கடல் என்பார்கள். வடகடலில் கரையை ஒட்டியே பவளத்திட்டு இருக்கிறது. வற்றம் வரும்போது இடுப்பளவுத் தண்ணீரில் அதன் ஓரம் வரை நடந்துவிடலாம். பகலில் பார்த்தால் மூளைப் பவளம் பழுப்புத் தோல் போர்த்திய உருண்டைப் பாறை. மேற்பரப்பெங்கும் விரல்நுனி அளவுக் குழிகள், குழிகளுக்கு இடையே வரப்பு. அவ்வளவுதான். இருட்டிய பின் கண்ணாடி அடி வைத்த பெட்டியை நீர்மேல் அழுத்தி, டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு குழியின் விளிம்பிலிருந்தும் நீர்நிறத்து உணர்கொம்புகள் எழுந்து நிற்கும், நுனியில் மட்டும் வெண்புள்ளி. குழியின் நடுவே பிளவு தெரியும், அது வாய். வெளிச்சத்துக்கு வந்து மொய்க்கும் கடுகளவு இறால் குஞ்சு ஒன்று ஒரு கொம்பில் பட்டதும் அங்கேயே நின்றுவிடும். பக்கத்துக் கொம்புகள் மெல்ல வளைந்து அதை நடுவே தள்ளும், பிளவு திறக்கும், மூடும். பாறை முழுவதும் இப்படி நூற்றுக்கணக்கான வாய்கள். மாணவர்களில் எவரும் அதன்பின் பவளத்தைக் கல் என்று சொன்னதில்லை.

பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பிய்த்து வருகிறவர்கள் அவர்கள். உயிருள்ள பவளத்தை எப்படி அடையாளம் காண்பீர்கள் என்று ஒரு மூத்த பெண்ணிடம் கேட்டேன்.

"அதென்ன டீச்சர், கை வெச்சாலே தெரியுமே. உசுருள்ள கல்லு வழவழன்னு இருக்கும். செத்த கல்லுலதான் பாசி மொளைக்கும்."

"அப்போ உயிருள்ள கல்லுல பாசியே வராதாக்கா?"

"அது விடாது. தன் மேல ஒண்ணையும் ஒக்கார விடாது."

அவர் சொன்னது அப்படியே உயிரியல். பாலிப்புகள் சுரக்கும் சளியும் அவற்றின் கொட்டும் செல்களும் மேற்பரப்பில் பிற உயிர் குடியேறாமல் காக்கின்றன. பாலிப் செத்த பிறகே பாசிக்கு இடம்.

பவளப் பாலிப்பின் தனித்தன்மை அதன் அடிப்பக்கத்தில் இருக்கிறது. கடல்நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தனக்குக் கீழே சுண்ணாம்புக் கிண்ணம் ஒன்றை உருவாக்கிக்கொள்கிறது. வளர வளர, கிண்ணத்துக்குள் தனக்கு அடியில் இன்னொரு தளம் போட்டு மேலே ஏறி உட்காரும். பழைய தளம் காலியாகும். ஆக, ஒரு பெரிய பவளப் பாறையில் உயிருள்ள பகுதி மேலே போர்த்திய சில மில்லிமீட்டர் மட்டுமே. பாலிப் எப்படி மொட்டு விடுகிறது என்பதைப் பொறுத்தது பவளத்தின் உருவம். நுனியில் ஒரு பாலிப் முந்திக்கொண்டு வளர்ந்தால் மான்கொம்பு. எல்லாம் சம அளவில் பெருகினால் உருண்டை. கொம்புப் பவளம் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை நீளும், போரைட்டிஸ் என்ற உருண்டைப் பவளமோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். ஆளுயரப் போரைட்டிஸ் என்றால் நூற்றாண்டுக்கு மேல் வயது.

பாறை கட்டும் பவளங்களின் உணர்கொம்புகள் ஆறு, அல்லது ஆறின் மடங்கு. கடல் விசிறிகளுக்கு எட்டு, ஒவ்வொன்றிலும் சிறகுபோல் கிளை. நவரத்தினங்களில் சேர்த்து நாம் மோதிரத்தில் பதிக்கும் செம்பவளம் இந்த எட்டுக்கொம்புக் கூட்டத்தைச் சேர்ந்தது. அது மன்னார் வளைகுடாவில் விளைவதில்லை, மத்தியதரைக் கடலின் இருண்ட பாறைகளில் விளைவது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் கையேடு, முசிறித் துறைமுகத்துக்கு வந்திறங்கிய சரக்குகளில் பவளத்தையும் சேர்க்கிறது. அந்தச் செம்பவளத்தை வைத்துத்தான் பவளம் ஒரு விலங்கு என்ற உண்மையும் வெளிவந்தது. மார்செய் நகரத்து மருத்துவர் பேசோனெல் 1720-களில் உயிருள்ள பவளக் கிளையைக் கடல்நீரில் வைத்துப் பார்த்து, அதில் மலர்வது பூ அல்ல, விலங்கு என்று எழுதினார். பாரிஸ் அறிஞர்கள் ஏற்கவில்லை. அவர்களில் ஒருவரான ரெயோமூர் அந்தக் கருத்தை அறிவியல் சபையில் வைத்தபோது, எழுதியவருக்கு இழுக்கு வரக்கூடாது என்று அவர் பெயரையே சொல்லாமல் விட்டார். 1740-களில் டிரெம்பிளே என்ற ஆய்வாளர் ஹைட்ராவைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் முழு விலங்காக வளர்வதைக் காட்டிய பிறகே பேசோனெலுக்கு நியாயம் கிடைத்தது.

நம் பவளங்களின் பழுப்பு நிறம் அவற்றின் சொந்த நிறம் அல்ல. பாலிப்பின் உட்புறச் செல்களுக்குள் சூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. வெயிலில் அது தயாரிக்கும் உணவில் பெரும்பகுதி பாலிப்புக்குப் போகிறது. சில பவளங்களுக்கு வேண்டிய ஆற்றலில் 90 விழுக்காடு வரை இப்படிக் கிடைக்கிறது. நீர் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி சூடாகிச் சில வாரங்கள் நீடித்தால் இந்த உறவு முறிந்துவிடும். பாலிப் பாசியை வெளியேற்றும். நிறம் போகும், கண்ணாடித் தோல் வழியே உள்ளிருக்கும் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். வெளுத்த பவளம் இன்னும் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், தணியாவிட்டால் சாகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெரும் வெளுப்பு நேர்ந்தது.

அதற்கு முன்பே நாம் செய்த கேடு ஒன்று உண்டு. தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை பவளத்தைக் கடப்பாரையால் பெயர்த்துச் சுண்ணாம்புச் சூளைக்கும் கட்டுமானத்துக்கும் பல பத்தாண்டுகள் ஏற்றினார்கள். 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு இன்று நீருக்கடியில் இருக்கின்றன. சுற்றியிருந்த பவளத்தை வெட்டி எடுத்ததை அதற்கு முக்கியக் காரணமாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பின் பவளம் வெட்டுவது ஏறக்குறைய நின்றது. கடலோர ஊர்க்காரர்களே தங்கள் கரைக்கு அரண் எது என்று கண்டுகொண்டார்கள்.

பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறிகள் எல்லாம் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. விற்பது குற்றம், வாங்குவதும் குற்றம். கடற்கரைக் கடைகளில் அலங்காரப் பொருள் என்று வெள்ளைப் பவளத்தையோ கடல் விசிறியையோ யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். நீரில் நிற்கும்போது பவளத்தின்மேல் கால் வைக்காதீர்கள். நீங்கள் ஆசிரியராக இருந்தால், பாலிப்பையும் மெடுசாவையும் படத்தில் மட்டும் காட்டி நிறுத்திவிடாமல், ஓர் இரவாவது பிள்ளைகளை உரிய அனுமதியோடும் துணையோடும் வடகடல் கரைக்கு அழைத்துப் போங்கள்.